தையல் மெசினுக்கும் ஒட்டுப்போர்வைக்கும் எந்த நூல்? வன்னியில் தைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நூல் அறுகிறது, தையல் விட்டுவிட்டு விழுகிறது, அடியில் நூல் சிக்கி உருண்டை கட்டுகிறது என்றால் நாங்கள் முதலில் திட்டுவது மெசினைத்தான். அதைப் பஸ்ஸில் ஏற்றி கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோனால், திருத்துபவர் புது ஊசியும் நல்ல நூலும் போட்டு ஓட்டிக் காட்டுவார். மெசினில் ஒன்றும் இருக்காது. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின் கிடைத்த வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. வெட்டவும் அளவெடுக்கவும் பழக்கினார்கள். நூலுக்கென்று யாரும் தனியாக வகுப்பு எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. அதனால் கடையில் "வெள்ளை ஒண்டு, கறுப்பு ஒண்டு தாங்கோ" என்று கேட்பதோடு தெரிவு முடிந்துவிடுகிறது.

உடுப்பு என்றாலும், வெட்டுத்துண்டுகளை மூட்டிச் செய்கிற ஒட்டுப்போர்வை என்றாலும், கேட்க வேண்டியது நிறம் மட்டுமல்ல. தடிப்பு, நார், முறுக்கு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் நிறத்துக்கு வர வேண்டும்.

முதலில் எண்ணை வாசியுங்கள்

நூல்கட்டையின் அடியிலோ கூம்பு மாதிரிப் பெரிய கோனின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் லேபலைத் திருப்பிப் பாருங்கள். அங்கே இருக்கும் எண்தான் நூலின் தடிப்பு. சிக்கல் என்னவென்றால், ஒரே முறையில் எல்லோரும் எண் போடுவதில்லை.

எங்கள் கடைகளில் அதிகம் காண்பது டிக்கெட் எண். இதில் எண் கூடக் கூட நூல் மெல்லிசு. 180 மெல்லிய நூல், 120 சாதாரண உடுப்பு நூல், 75 கொஞ்சம் தடிப்பு, 36 நல்ல தடிப்பு. டெக்ஸ் என்று போட்டிருந்தால் கணக்கு தலைகீழ்: 1000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெக்ஸ். ஆகவே எண் கூடினால் நூலும் தடிப்பு. டிக்கெட் 120 ஏறக்குறைய டெக்ஸ் 27, டிக்கெட் 75 டெக்ஸ் 40, டிக்கெட் 36 டெக்ஸ் 80.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தரும் கொட்டன் நூலில் 40 வெயிற், 50 வெயிற் என்று இருக்கும். இதுவும் டிக்கெட் மாதிரித்தான், எண் கூடினால் மெல்லிசு. ஆனால் அளவு வேறு. 40 வெயிற் நூல் டெக்ஸ் 25 அளவுதான். டிக்கெட் 40 நூலோ டெக்ஸ் 70ஐத் தாண்டும், சப்பாத்து, பை தைக்கிற தடிப்பு. இன்னொன்று, கோனில் 40/2 என்று அடித்திருந்தால் 40ஆம் இலக்க இழை இரண்டை முறுக்கியது என்று அர்த்தம். பொலியெஸ்டரில் அது எங்கள் டிக்கெட் 120 தான். 40 என்ற ஒரே எண் வேறு வேறு தடிப்பைக் குறிக்கலாம் என்பதை மனதில் வைத்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள்.

வீட்டு மெசினுக்கு ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால் டிக்கெட் 120 ஸ்பன் பொலியெஸ்டர் வாங்குங்கள். பள்ளிக்கூடச் சீருடை, சட்டை, பாவாடை, தலையணை உறை, திரைச்சீலை என்று முக்கால்வாசி வேலையை அது பார்த்துவிடும். சாறி ஓரம், வொயில், சிஃபோன் என்றால் 180. ஜீன்ஸ், தடித்த பை என்றால் 75.

பிறகு நார்

ஸ்பன் பொலியெஸ்டர் என்பது துண்டு நார்களை நூற்றுச் செய்தது. மேலே மெல்லிய பூனைமயிர் மாதிரி நார் தெரியும். மலிவு, உறுதி, தண்ணீரில் சுருங்காது, வெயிலையும் ஓரளவு தாங்கும். எங்கள் ஊர் மாதிரி நாள் முழுக்க உச்சி வெயிலில் கொடியில் காயும் உடுப்புக்கு இதுதான் சரி.

கொட்டன் நூல் பருத்தித் துணியோடு நன்றாகச் சேர்ந்து போகும், அயனின் சூட்டையும் தாங்கும். மேர்சரைஸ் பண்ணியது, அதாவது காரத்தில் பதப்படுத்தியது என்றால் மினுக்கமும் உறுதியும் கூட. ஆனால் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து உக்கும். நீட்டுத்தன்மை குறைவு என்பதால் ரீசேர்ட் துணிக்குக் கூடாது, உடுப்பை இழுத்துப் போடும்போது தையல் படபடவென்று விட்டுவிடும்.

கோர்ஸ்பன் என்று ஒன்று உண்டு. உள்ளே நீள பொலியெஸ்டர் இழை, அதைச் சுற்றி பருத்தியோ பொலியெஸ்டரோ. அதே தடிப்பில் ஸ்பன்னைவிட உறுதி, விலையும் கூட. ஆடைத் தொழிற்சாலைகள் பாவிப்பதால் மிச்சக் கோன்களாக வெளியே வரும்போது மலிவாகக் கிடைக்கலாம்.

மினுக்கமான ரேயோன் எம்பிராய்டரி நூலைப் பூ வேலைக்கு மட்டும் வையுங்கள். ஈரத்தில் ரேயோனின் பலம் குறைந்துவிடும், மூட்டுத் தைத்தால் நிற்காது. மீன் தங்கூசி மாதிரித் தெரிகிற நைலோன் நூலை நான் வாங்குவதில்லை. அயன் பட்டால் உருகும், முனை குத்தும், பிள்ளைகள் படுக்கிற போர்வையில் அது வேண்டவே வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அரிவி வெட்டுக் காலத்தில் நெல் காயவிடுகிற படங்கு, தறப்பாள், உரப்பை எல்லாவற்றையும் வீட்டு மெசினில் கொடுத்து ஒட்டச் சொல்வார்கள். அதற்கான தடித்த நூல் வீட்டு மெசின் ஊசிக்குள் ஓடாது, பலவந்தமாக ஓட்டினால் ஊசி வளையும், அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கி ஊசியோடு சேர்ந்து வரும் நேரமும் தவறிப்போகும். படங்கைக் கோணி ஊசியால் கையில் தையுங்கள். நைலோனைவிடப் பொலியெஸ்டர் நூல் வெயிலுக்கு நின்று பிடிக்கும்.

லேபல் இல்லாத நூல் எந்த நார் என்று தெரிய வேண்டுமா? ஒரு சாண் வெட்டி, இடுக்கியில் பிடித்து நெருப்பு வையுங்கள். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து, கடதாசி மணத்தோடு மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறினதும் கறுத்த கடினமான மணியாக நிற்கும். இரண்டும் கலந்து நடந்தால் கலப்பு நூல். உருகும் துளி கையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை மேசையிலேயே சோதிப்பது

ஒரு முழம் நூலை இழுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழை முழுக்க ஒரே தடிப்பாகப் போக வேண்டும். சின்னச் சின்ன முடிச்சுப் போலத் திரண்ட இடங்கள் தெரிந்தால், அவை ஒவ்வொன்றும் ஊசிக் காதில் தடக்கும். மயிர் அதிகமாகச் சிலும்பி நின்றால் அடிநூல் சுற்றிய பொபின் இருக்கும் கேசுக்குள் பஞ்சு சேரும்.

அடுத்து, நூலை இரு கையிலும் சுற்றி மெதுவாக இழுங்கள். நல்ல பொலியெஸ்டர் கொஞ்சம் நீண்டு கொடுத்து, பிறகு 'டக்' என்று அறும், விரலில் வெட்டுவது போல இருக்கும். பொசுக்கென்று பிரிந்து போனால் அது உக்கின நூல், சும்மா தந்தாலும் வேண்டாம். ஒரே இடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். கண்ணாடிப் பெட்டியில் வெயில் படுகிற பக்கமாக இருந்த கட்டையில் வெளிச்சுற்று வெளுத்து நலிந்திருக்கும், உள்ளே நன்றாக இருக்கும்.

முறுக்கையும் பாருங்கள். நூலை இரு கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கிடையாகப் பிடியுங்கள். வலக்கை விரல்களால், நூலின் மேல்பக்கம் உங்களை நோக்கி வரும்படி உருட்டுங்கள். முறுக்கு இறுகினால் மெசினுக்கு ஏற்ற நூல். இழைகள் பிரிந்தால் அது எதிர் முறுக்கு, மெசினில் ஓட ஓட அவிழ்ந்து அறும். கையால் பூப்போடுகிற சில நூல்கள் அப்படித்தான். கைத்தையலுக்கென்று மெழுகு மாதிரி பூச்சுப் போட்ட கொட்டன் நூலையும் மெசினில் போடக்கூடாது. அந்தப் பூச்சு, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்சன் தட்டுகளில் ஒட்டிக்கொள்ளும்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் இருப்பதால் மிச்சக் கோன்களும் வெட்டுத்துண்டுகளும் எங்கள் பக்கம் கைமாறி வரும். நல்ல சரக்குத்தான், ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, தொட்டால் பஞ்சு போல மெத்தென்று, இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிற நூல் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் மெசினுக்கு. சாதாரணத் தையலுக்கு எடுபடாது. மற்றது, விரலைக் கோனைச் சுற்றித் தடவுங்கள். கத்தியில் வெட்டுப்பட்ட கோன் என்றால் அந்த இடத்தில் நுனிகள் கையில் குத்தும். பத்துச் சுற்றுக்கு ஒருதரம் அறுகிற நூலோடு மல்லுக்கட்ட யாருக்கு நேரம்?

பெரிய கோன் வீட்டு மெசினின் கம்பியில் நிற்காது. மெசினுக்குப் பின்னால் ஒரு பெரிய கோப்பைக்குள் கோனை நிறுத்தி, நூலை நேரே மேலே தூக்கி, மெசின் முதுகில் ஒட்டிய ஒரு சேஃப்டி பின்னின் வளையத்தூடாகக் கொண்டுவாருங்கள். கோனில் நூல் மேல்நோக்கித்தான் கழர வேண்டும். சின்னக் கட்டையில் நூல் ஒன்றன்மேல் ஒன்றாக நேராகச் சுற்றியிருந்தால் கட்டை சுழல வேண்டும், குறுக்கும் மறுக்குமாகச் சுற்றியிருந்தால் நுனி வழியே கழரலாம்.

நூலுக்கு ஏற்ற ஊசி

ஊசிப் பெட்டியில் 75/11, 90/14 என்று இருக்கும். முதல் எண் ஊசித் தண்டின் குறுக்களவு, மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்காக. 90 என்றால் 0.9 மில்லிமீற்றர். இரண்டாவது எண் அதே அளவுக்கு வேறு முறையில் போட்ட இலக்கம், கீழே நான் சொல்வது அதைத்தான். டிக்கெட் 180க்கு 9 அல்லது 11, 120க்குத் துணியைப் பார்த்து 11 அல்லது 14, 75க்கு 14 அல்லது 16. ரீசேர்ட்டுக்கு முனை உருண்ட ஊசி கேட்டு வாங்குங்கள்.

சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி: ஊசியைக் கழற்றி நூலில் கோர்த்து, நூலை இறுக்கிச் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தன் பாரத்தில் சறுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் நூல் தடிப்பு, அல்லது ஊசி சின்னது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருநாள் வந்து நின்றாள். "அக்கா, கோக்கக் கோக்க நூல் அறுகுது. மெசின்காரனிட்டக் குடுக்கட்டோ?"

"முதல்ல ஊசியைக் கழட்டிக் கொண்டா பாப்பம்."

ஊசி முனையை என் நகத்தில் மெல்ல இழுத்தேன். வெள்ளைக் கோடு விழுந்தது. முனை மடிந்த ஊசி துணியையும் இழுக்கும், நூலையும் அறுக்கும். புது ஊசி மாற்றியதும் அதே நூல் அறாமல் ஓடியது. ஊசியைப் பூட்டும்போது தண்டில் நீளமாகப் பள்ளம் இருக்கிற பக்கத்தால் நூல் உள்ளே போக வேண்டும், இது எந்த மெசினுக்கும் பொது.

வெட்டுத்துண்டில் ஓட்டிப் பாருங்கள்

புது நூல் வாங்கினால், தைக்கப்போகிற அதே துணியின் துண்டை இரண்டாக மடித்து, மேலே ஒரு நிறம், பொபினில் வேறு நிறம் போட்டுத் தையுங்கள். நூல் கோர்க்கும்போது துணியை அழுத்தும் பாதம் தூக்கியிருக்க வேண்டும். இறக்கியிருந்தால் டென்சன் தட்டுக்குள் நூல் போகாது, அடியில் உருண்டை கட்டுவதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

மேல் நூலின் நிறம் அடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்சன் தளர்வு. பொபின் நிறம் மேலே தெரிந்தால் மேல் டென்சன் இறுக்கம். தையலைக் கையால் இழுத்தும் பாருங்கள், எந்தப் பக்கத்து நூல் அறுகிறதோ அந்தப் பக்கம் இறுக்கம். முதலில் மேல் டென்சனைத்தான் திருகுங்கள். பொபின் கேசைத் தொடுமுன், அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு மெல்ல உதறிப் பாருங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் அது சரி, விட்டுவிடுங்கள். கடகடவென்று தரைக்குப் போனால் கேசிலுள்ள சின்னத் திருகாணியைக் கால் சுற்று இறுக்கலாம்.

பொலியெஸ்டர் நூலைப் பொபினில் வேகமாகச் சுற்ற வேண்டாம். சுற்றும்போது நீளும் நூல் தைத்தபிறகு பழைய நீளத்துக்கு வரும், தையல் சுருக்கு விழும். இருக்கிற நூலுக்கு மேல் இன்னொரு நிறம் சுற்றுவதும் கூடாது.

இனி ஒட்டுப்போர்வை

இதில் நூல் மூன்று வேலை பார்க்கிறது: வெட்டுத்துண்டுகளை மூட்டுவது, மேல் துணி, நடுப் படை, அடித் துணி மூன்றையும் சேர்த்து ஓடித் தைப்பது, கடைசியில் ஓரம் கட்டுவது. மூன்றுக்கும் ஒரே நூல் போடலாம். வேறு வேறு போட்டால் இன்னும் நன்றாக வரும்.

மூட்டுவதற்கு மெல்லிய நூல் வேண்டும். ஏனென்றால் மூட்டுக்குள் நூலும் இடம் பிடிக்கிறது. கால் அங்குல, அதாவது 6 மில்லிமீற்றர் மூட்டில் தடித்த நூல் போட்டு மடித்து அயன் பண்ணினால், ஒவ்வொரு மூட்டிலும் மயிரளவு துணி குறையும். ஒரு மூட்டில் தெரியாது. பத்துப் பன்னிரண்டு துண்டு சேர்ந்தபிறகு ஒரு வரிசை மற்ற வரிசையைவிடக் கட்டையாக நிற்கும், மூலைகள் சந்திக்காது. கிடைத்தால் 50 வெயிற் கொட்டன், இல்லாவிட்டால் டிக்கெட் 120 பொலியெஸ்டர், 11 அல்லது 12 ஊசி, தையல் நீளம் 2 மில்லிமீற்றர்.

பொலியெஸ்டர் நூல் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. தடிப்பு ஒத்துப்போனால் அதற்குப் பயப்படத் தேவையில்லை. பார்க்க வேண்டியது வேறு: நூல் துணியைவிட மிக உறுதியாக இருக்கக்கூடாது. இழுவை வந்தால் தையல் விட வேண்டும், துணி கிழியக்கூடாது. தையலைத் திரும்பத் தைக்கலாம். பழைய சாறி, சாரம் வெட்டிச் செய்கிற போர்வையை மூட்ட டிக்கெட் 75 போடுவது அதனால்தான் பிழை. சூட்டுக்கும் ஒரு சொல்: பொலியெஸ்டர் உருகுவது 255 பாகை செல்சியஸ் அளவில். அயனைக் கொட்டன் அளவில் வைத்தால் 200 பாகை அளவுதான் வரும், ஒரே இடத்தில் நிறுத்தி வைக்காமல் நகர்த்தினால் போதும்.

நடுப் படைதான் நூலைத் தீர்மானிக்கிறது. எங்கள் வெக்கைக்குத் தடித்த பஞ்சு வேண்டாம், பழைய பெட்சீற் ஒன்றே போதும். அது துணியோடு துணியாக நிற்கும், கட்டங்களை 4 அங்குலம் அகலமாக விட்டாலும் அசையாது. இலவம் பஞ்சு வீட்டில் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அதன் நார் வழுக்கும், ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்காது, துவைத்ததும் ஒரு மூலையில் குவிந்துவிடும். தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடித் தைக்க டிக்கெட் 120 அல்லது 40 வெயிற், 14 ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீற்றர். கோடு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றால் மேலே மட்டும் டிக்கெட் 75, பொபினில் 120. அப்போது ஊசி 16 ஆகட்டும், மேல் டென்சனைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மூன்று படையையும் சேஃப்டி பின்னால் ஒரு கை அகலத்துக்கு ஒன்றாகக் குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். பாத அழுத்தத்தைக் குறைத்தால் மேல் துணி தள்ளுப்படாது. இதற்குக் கால் மெசின்தான் என் தெரிவு. மோட்டர் போட்டது பாய்ந்து ஓடும். காலால் மிதிப்பது நினைத்த இடத்தில் நிற்கும், கறன்ட் போனாலும் வேலை நிற்காது.

ஒட்டுப்போர்வை தைக்கும்போது பஞ்சுத் தூசி அதிகம் வரும். ஒவ்வொரு முறை பொபின் மாற்றும்போதும் கேசைக் கழற்றி பிரஷால் தட்டுங்கள். எண்ணெய் விடுவதென்றால் தையல் மெசின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் புழுதியோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகி, மெசின் மிதிக்கவே பாரமாகிவிடும்.

நிறம்

கட்டையில் தெரிகிற நிறமும் ஒற்றை இழையின் நிறமும் ஒன்றல்ல. ஒரு இழையை அவிழ்த்துத் துணிமேல் போட்டு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சரியான நிறம் இல்லையென்றால் ஒரு படி கடுமையானதை எடுங்கள். வெளிறியது எடுப்பாகத் தெரிந்துவிடும். பல நிறத் துண்டுகளை மூட்ட ஒவ்வொன்றுக்கும் நூல் மாற்றத் தேவையில்லை; சாம்பல் அல்லது சந்தன நிறம் ஒன்று எல்லாவற்றோடும் போகும். சிவப்பு, கருநீலம் வாங்கினால் ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அயன் பண்ணிப் பாருங்கள். சாயம் இறங்கினால் அதை வெள்ளைச் சீருடைக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்.

எவ்வளவு வாங்குவது

மெசின் தையலுக்கு, தைக்கிற நீளத்தைப் போல இரண்டரை மடங்கு நூல் போகும், மேலும் கீழும் சேர்த்து. தடித்த படையில் மூன்று மடங்கு என்று வையுங்கள். 60க்கு 80 அங்குலப் போர்வையில் 5 அங்குலச் சதுரங்களை மூட்டினால் மூட்டின் மொத்த நீளம் சுமார் 45 மீற்றர், நூல் 113 மீற்றர். 3 அங்குலத்துக்கு ஒரு கோடாக நெடுக்கும் குறுக்கும் ஓடினால் 81 மீற்றர் கோடு, அதற்கு 244 மீற்றர் நூல். ஓரத்தை இரண்டு முறை சுற்ற இன்னொரு 43 மீற்றர். மொத்தம் 400. நுனி வெட்டுவது, பிழைத்து அவிழ்ப்பது எல்லாம் சேர்த்து 500 மீற்றர் இல்லாமல் தொடங்காதீர்கள். 100 மீற்றர்ச் சின்னக் கட்டைகளாக வாங்குவதைவிட ஒரு கோன் மலிவு, நிறமும் மாறாது. கட்டையாகத்தான் கிடைக்கும் என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில், லேபலில் உள்ள நிற எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.

மிஞ்சியதை மூடியுள்ள பிஸ்கட் தகரத்தில் போட்டு, ஜன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். கோடையில் புழுதி, மாரியில் ஈரம், இரண்டுக்கும் அந்தத் தகரம் போதும். கொட்டன் நூல் இருந்தால் மாரி முடிந்து வெயில் வந்ததும் ஒருதரம் திறந்து, ஒரு முழம் இழுத்து அறுத்துப் பாருங்கள்.